டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் கசிவு: பழைய டீசல் பிக்கப்பில் மூலத்தைக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பிக்கப். ஓட்டுநர் வரும்போதே கையில் புது ஆயில் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையம்) வைத்திருந்தார். "அண்ணே, டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னாடி சொட்டுது. இதை மட்டும் மாத்திக் கொடுத்துடுங்க." டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது கியர் பாக்ஸின் பின்னால் இருந்து, விசையை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அடியைக் கழுவி, இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து படுத்துப் பார்த்தோம். டிரான்ஸ்ஃபர் கேஸின் சீல்கள் காய்ந்துதான் கிடந்தன. ஆயில் வந்தது இன்ஜினின் மேலே, அதன் தலையை மூடும் டேப்பெட் கவரின் பின்மூலையிலிருந்து. பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக் கூடு), கியர் பாக்ஸின் முதுகு என்று வழிந்து வந்து, தாழ்வான இடமான டிரான்ஸ்ஃபர் கேஸின் அடியில் சொட்டாகத் திரண்டு நின்றது.

ஆயில் சொட்டும் இடம் வேறு, கிளம்பும் இடம் வேறு. ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். நின்றால் அது தானாகக் கீழே இறங்கும். அதனால் இந்த வேலையில் கைத்திறனைவிட வரிசை முக்கியம். சில தடயங்கள் கழுவினால் போய்விடும், சில தடயங்கள் கழுவினால்தான் தெரியும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் ஒன்றிரண்டு நாளில் விடை கிடைத்துவிடும்.

இங்கே சொல்வது தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடுகிற பிக்கப்புகளுக்கு: இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், மஹிந்திரா ஸ்கார்ப்பியோ கெட்டவே, பொலேரோ கேம்பர் ஃபோர் வீல், டாடா ஜெனான், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவை.

1. படுப்பதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் வேண்டியது ஸ்பேனர் அல்ல, வண்டியின் கையேடு. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு என்ன ஆயில், எத்தனை லிட்டர் என்ற பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செயின் வைத்த கேஸ்கள் பலவற்றில் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயில்தான் இருக்கும். பல்சக்கரம் மட்டும் உள்ளவற்றில் பெரும்பாலும் கியர் ஆயில். உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று தெரியாமல் வெளியே வருவதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

அப்புறம் நல்ல டார்ச், கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி, மண்ணெண்ணெய், பழைய பெயின்ட் பிரஷ், காட்டன் வேஸ்ட், வெள்ளைக் காகிதம், நாலைந்து நாள் செய்தித்தாள், குழந்தைக்குப் பூசும் டால்கம் பவுடர் ஒரு டப்பா. கேஸில் ஆயில் ஊற்றும், வடிக்கும் துளைகளை மூடும் பிளக்குகளுக்குப் புது வாஷர்கள், மட்டம் குறைந்திருந்தால் ஊற்ற சரியான ஆயில், ஊற்றுவதற்குக் குழாய் வைத்த கைப்பம்பு.

அடியில் தாராளமாக நுழைய முடிந்தால் வண்டியைத் தூக்காதீர்கள். தூக்கினால் சாயும், சாய்ந்தால் மட்டம் பார்க்க முடியாது. தூக்கியே ஆக வேண்டுமென்றால் ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம், ஸ்டாண்ட் வையுங்கள். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதன்மேல் நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் விரிசல் விட்டுச் சொல்லாது, ஒரேயடியாக நொறுங்கும்.

இன்னொன்று. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால், முதல் கியர் போட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும். சக்கரத்துக்கும் கியர் பாக்ஸுக்கும் அப்போது தொடர்பே கிடையாது. கியரை நம்பாமல் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்.

2. கழுவும் முன் ஒரு முறை முழுதாகப் பாருங்கள்

வந்ததும் வராததுமாக வாட்டர் சர்வீஸுக்கு விடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. அழுக்குக்குள்தான் வரலாறு இருக்கிறது. புழுதி ஒட்டிக் கறுத்துக் கெட்டியான ஆயில் என்றால் பல மாதக் கசிவு. புழுதி மேல் பளபளவென்று ஈரம் என்றால் இப்போது ஓடுகிற கசிவு.

இன்ஜினின் பின்பக்கத்தில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். ஈரம் தென்படுகிற இடங்களிலேயே மிக உயரமான, மிக முன்னால் உள்ள இடம் எது என்று தேடுங்கள். கசிவு அங்கோ அதற்குச் சற்று மேலேயோதான் தொடங்கியிருக்கும். அதற்குப் பின்னாலும் கீழேயும் இருப்பதெல்லாம் வழிந்து வந்தது.

தெறித்த தடத்தையும் பாருங்கள். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (கேஸிலிருந்து அச்சுக்கு விசையைக் கொண்டு போகும் நீளத் தண்டு) சுழலும்போது சீல் வழியாக வரும் ஆயிலை வட்டமாக வீசும். ஷாஃப்டுக்கு மேலே வண்டியின் தளத்திலும், பக்கத்துக் குறுக்குச் சட்டத்திலும் ஒரு கோடு போட்டதுபோல் கறை இருந்தால், அங்குள்ள அவுட்புட் சீலை, அதாவது ஷாஃப்ட் கேஸை விட்டு வெளியே வரும் இடத்துச் சீலை, சந்தேகப்படலாம். வழிந்து வரும் ஆயில் இப்படிக் கோடு போடாது.

வாங்கப் போகிற வண்டியின் அடிப்பாகம் மட்டும் கண்ணாடிபோல் சுத்தமாக இருந்தாலும், புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தாலும் அதையும் தடயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

3. எந்த ஆயில் என்று தீர்மானியுங்கள்

சொட்டு ஒன்றை வெள்ளைக் காகிதத்தில் வாங்கி வெளிச்சத்தில் பாருங்கள், மோந்தும் பாருங்கள். டீசல் இன்ஜின் ஆயில் ஊற்றிய கொஞ்ச நாளிலேயே கரிபோல் கறுத்துவிடும், விரலில் தேய்த்தால் மை ஒட்டும். கியர் ஆயில் தேன் நிறம் முதல் பழுப்பு வரை இருக்கும். அதிலுள்ள கந்தகச் சேர்மத்தால் அழுகிய முட்டை நெடி அடிக்கும், ஒரு முறை மோந்தவருக்கு மறக்காது. ஏடிஎஃப் சிவப்பு, பழசானால் செங்கல் நிறமாகிப் பிறகு பழுப்பாகும்.

இங்கே இரண்டு குழிகள். பவர் ஸ்டீயரிங்கிலும் பல வண்டிகளில் இதே சிவப்பு ஏடிஎஃப்தான். முன்னால் ஸ்டீயரிங் குழாயில் கசிவது காற்றில் பின்னால் வந்து டிரான்ஸ்ஃபர் கேஸில் அப்பிக்கொள்ளும். ஸ்டீயரிங் ஆயில் டப்பாவின் மட்டத்தை ஒரு கண் பார்த்துவிடுங்கள். இரண்டாவது, கிளட்ச் திரவம். கிளட்ச் சிலிண்டர் பெல் ஹவுசிங்கில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் சொட்டை விடுங்கள். ஆயில் மிதக்கும், கிளட்ச், பிரேக் திரவம் தண்ணீரில் கரைந்துவிடும்.

பால் கலந்த டீபோல் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அதற்கான காரணம் ஐந்தாவது படியில் வருகிறது.

விற்கிறவர்கள் செய்யும் தந்திரம் ஒன்று உண்டு. ஏடிஎஃப் இருக்க வேண்டிய கேஸில் 140 நம்பர் கியர் ஆயிலை ஊற்றிவிடுவார்கள். கெட்டியாக இருப்பதால் கசிவு சில வாரம் அடங்கும். ஆனால் குளிர்ந்த காலையில் அந்தக் குழம்பு செயினுக்கும் உள்ளிருக்கும் சின்ன ஆயில் பம்புக்கும் சரியாகப் போய்ச் சேராது. சொட்டு இருவிரல் நடுவே தேன்போல் நூல் இழுத்தால் உஷாராகுங்கள்.

4. மட்டம் பாருங்கள், மேல் பிளக்கை முதலில் திறந்து

கேஸில் இரண்டு பிளக்குகள். மேலே இருப்பது ஊற்றுவதற்கு, கீழே இருப்பது வடிப்பதற்கு. எப்போதும் மேலே இருப்பதை முதலில் திறங்கள். காரணம் எளிது: கீழே திறந்து ஆயிலை வடித்துவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்துக் கழலாமல் போனால், ஊற்ற வழியில்லாத வண்டியோடு நடுமுற்றத்தில் நிற்பீர்கள். புதியவர்கள் ஒருவர் விடாமல் இதில் விழுகிறார்கள்.

வண்டி சமதளத்தில், இன்ஜின் நின்று, ஆயில் வடிந்து இறங்கியிருக்க வேண்டும். மலைப்பகுதியில் சமதளம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் சமதளம் அல்ல. சேஸிஸ் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். மேல் பிளக்கைக் கழற்றிச் சுண்டுவிரலை உள்ளே மடக்கினால், துளையின் கீழ் விளிம்பை ஒட்டி ஆயில் தொட வேண்டும். சில மில்லிமீட்டர் கீழே இருந்தால் பரவாயில்லை. விரல் காய்ந்து வந்தால் குறைவு.

திறந்ததும் ஆயில் கொட்டினால்? "நல்லா நிறைய ஊத்தியிருக்காங்க" என்று சந்தோஷப்பட வேண்டாம். கியர் பாக்ஸின் மட்டத்தையும் உடனே பாருங்கள். கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் தனித்தனி ஆயில் உள்ள வண்டிகளில், நடுவே இருக்கும் இன்புட் சீல் தேய்ந்தால் ஒன்றின் ஆயில் மற்றதற்குப் போகும். வெளியே ஒரு சொட்டு விழாது. ஒரு பக்கம் வற்றும், மறுபக்கம் நிரம்பும். நிரம்பிய பக்கம் சூடானதும் பின் சீல் வழியாகவோ மூச்சுக் குழாய் (அடுத்த படியில் வருகிறது) வழியாகவோ துப்பும். அதைப் பார்த்துப் பின் சீலை மாற்றினால், கியர் பாக்ஸ் வற்றிக்கொண்டே இருப்பது பியரிங் ஊளையிடும் வரை தெரியாது. அங்கே குறைந்ததும் இங்கே கூடியதும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் விடை கிடைத்துவிட்டது. கியர் பாக்ஸ் சரியான மட்டத்தில் இருந்தால், யாரோ அதிகமாக ஊற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மட்டம் குறைந்திருந்தால் சரியான ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டே மேலே போங்கள். குறைந்த ஆயிலோடு சோதனை ஓட்டம் போனால், மேல்பக்கக் கசிவு தெரியாது, பியரிங்கும் கெடும்.

பிளக்கை மாட்டும்போது பழைய வாஷரைத் திரும்பப் போடாதீர்கள். நசுங்கி அடைத்த அலுமினிய வாஷர் இரண்டாம் முறை அடைக்காது. நீளமான கம்பி போட்டு முறுக்கவும் வேண்டாம். டொயோட்டாவின் பல ஃபோர் வீல் வண்டிகளில் இந்த பிளக்குக்கு 37 நியூட்டன் மீட்டர் முறுக்கம்தான். கேஸ் அலுமினியம், மரை போனால் ஒரு சின்னக் கசிவு பெரிய செலவாகும்.

5. மூச்சுக் குழாயைச் சோதியுங்கள்

டிரான்ஸ்ஃபர் கேஸின் தலையில் பிரீதர் என்ற மூச்சுத் துளை இருக்கும், பெரும்பாலும் ஒரு ரப்பர் குழாயோடு மேலே ஏறிப் போகும். கேஸ் சூடாகும்போது உள்ளே காற்று விரியும். வெளியேற வழி இந்தத் துளைதான். அது அடைத்துக்கொண்டால் அழுத்தம் சீலின் உதட்டை (ஷாஃப்டைத் தொடும் ரப்பர் விளிம்பை) தள்ளி ஆயிலோடு வெளியே வரும். நல்ல சீலும் கசியும்.

இதை நான் கற்றது அவமானப்பட்டுத்தான். ஒரே வண்டிக்கு இரண்டு மாதத்தில் மூன்று முறை பின் சீல் மாற்றினேன். சீல் கடைக்காரரைத் திட்டினேன், போலிச் சரக்கு என்று சண்டை போட்டேன். மூன்றாம் முறை மேல் பிளக்கைத் திறந்தபோது 'புஸ்' என்று காற்று வந்தது. குழாயின் நுனியில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கூட்டைக் குத்தி எடுத்த பிறகு அந்தச் சீல் இன்றுவரை கசியவில்லை.

குழாயை இரு முனையிலும் கழற்றி வாயால் ஊதுங்கள், தடையில்லாமல் போக வேண்டும். ஒருவழி மூடி வைத்த வகையென்றால் மூடி லேசாக அசைய வேண்டும். ரப்பர் வெடித்திருக்கிறதா, கழன்று தொங்குகிறதா என்றும் பாருங்கள். கழன்ற குழாயோடு ஓடையில் இறங்கினால், சூடான கேஸ் திடீரென்று குளிர்ந்து தண்ணீரை உள்ளே உறிஞ்சும். பால் நிற ஆயிலின் கதை பெரும்பாலும் இதுதான்.

6. கழுவுங்கள், காய வையுங்கள், பவுடர் போடுங்கள்

இப்போதுதான் கழுவும் நேரம். வண்டி ஆறிய பிறகு மண்ணெண்ணெயும் பிரஷுமாகத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். பெட்ரோல் வேண்டாம். பிஎஸ் 6 டீசலின் புகைவடிகட்டி கரியை எரிக்கும்போது எவ்வளவு சூடாகும் என்று தெரிந்தவர் அதன் பக்கத்தில் பெட்ரோலைத் தெளிக்க மாட்டார். வாட்டர் சர்வீஸில் கொடுத்தால், மூச்சுக் குழாயின் வாயிலும் சீல் உதட்டிலும் வயர் இணைப்புகளிலும் நேரடியாக அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸை மட்டும் கழுவிவிட்டு நிறுத்துவது அடுத்த தவறு. பெல் ஹவுசிங், கியர் பாக்ஸின் மேல்பாகம், குறுக்குச் சட்டம் எல்லாம் சுத்தமாக வேண்டும். கியர் பாக்ஸின் முதுகில் தேங்கிய பழைய ஆயில் மறுநாளும் வழிந்து உங்களை ஏமாற்றும்.

முழுதாகக் காய்ந்ததும் டால்கம் பவுடரைக் காட்டனில் தொட்டு, கேஸ் முழுவதும் மெலிதாக ஒற்றிவிடுங்கள். வெள்ளைப் பரப்பில் புதிதாக வரும் ஆயில் கறுப்புக் கோடாகத் தெரியும், தொடங்கிய இடம் ஊசிமுனைபோல் துல்லியமாகக் கிடைக்கும். ஈரம் காயாமல் பவுடர் போட்டால் மாவு பிசைந்ததுபோல் ஆகிவிடும், பொறுமை வேண்டும்.

7. ஓட்டிப் பார்ப்பது, கட்டம் கட்டமாக

ஒரேயடியாக நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் எல்லா இடமும் நனைந்திருக்கும். மூன்று கட்டமாகப் பிரியுங்கள்.

முதல் கட்டம், இரவு முழுவதும் நிறுத்தி வைப்பது. அடியில் செய்தித்தாளை விரித்து, சக்கரம் நின்ற இடத்தைக் குறித்து, தாளில் முன்பக்கம் எது என்றும் எழுதுங்கள். நிற்கும்போதே சொட்டுகிறதென்றால் ஆயில் மட்டத்துக்குக் கீழே உள்ள இடம்: பிளக், கேஸின் கீழ் மூட்டு, அவுட்புட் சீல்.

இரண்டாம் கட்டம், டூ வீலில் (பின் சக்கரங்களுக்கு மட்டும் விசை) 20 கிலோமீட்டர் சாதாரண ஓட்டம். வந்த சூட்டோடு பாருங்கள், ஆனால் புகைக்குழாயைத் தொட்டுவிடாதீர்கள். சூட்டில் ஆயில் இளகும், அழுத்தம் ஏறும், ஷாஃப்ட் சுழலும். நிற்கும்போது வராதது இப்போது வரும்.

மூன்றாம் கட்டம், ஃபோர் வீல் போட்டு ஓட்டுவது. முன் அச்சின் இணைப்பைத் துண்டிக்கும் வசதியுள்ள வண்டிகளில், டூ வீலில் முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சரியாகச் சுழலாது. அதனால் முன் அவுட்புட் சீலின் கசிவு ஃபோர் வீலில்தான் வெளிப்படும். இதை மண் சாலையிலோ புல்வெளியிலோ மட்டும் செய்யுங்கள். காய்ந்த தார் ரோட்டில் வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் போக வேண்டும். இந்த வகைக் கேஸ் அதை அனுமதிக்காது. முறுக்கம் உள்ளேயே ஏறி செயினையும் பல்லையும் தின்னும்.

8. ஈரம் இருக்கும் இடம் சொல்லும் செய்தி

பின் அவுட்புட் சீல்: அதிகம் வருவது இதுதான். ஆனால் சீலை வாங்கும் முன் ஷாஃப்டைக் கேஸ் அருகே பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். 'டக் டக்' என்று ஆடினால் புஷ்ஷோ பியரிங்கோ தேய்ந்திருக்கிறது. ஆடுகிற ஷாஃப்டில் புது சீல் சில வாரம்தான் நிற்கும். கழற்றிய பிறகு, சீல் உட்காரும் உலோகப் பரப்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் மாட்டினால் சீல் மட்டும் போதாது. இன்னொன்றும் உண்டு: ப்ரொப்பல்லர் ஷாஃப்டை மாட்டும் தட்டை (ஃபிளாஞ்ச்) நடுவில் நட்டு போட்டு இறுக்கிய வகையில், சீல் உதடு காய்ந்திருக்க, நட்டுக்கு நடுவிலிருந்து ஆயில் வரும். அது ஷாஃப்டின் பள்ளங்கள் வழியாக வருவது. புது சீல் அதை நிறுத்தாது. நட்டைக் கழற்றி சீலன்ட் வைத்து முறுக்க வேண்டும்.

முன் அவுட்புட் சீல்: வருடக்கணக்கில் ஃபோர் வீலே போடாத வண்டியில் உதடு கெட்டியாகிக் கசியும். மாதம் ஒரு முறை சில கிலோமீட்டர் போடுவது இதற்காகத்தான்.

கேஸின் இரு பாதிகள் சேரும் மூட்டு: முன்பு பிரித்தவர் விரலளவு தடிமனாக அனபாண்ட் (மூட்டை அடைக்கும் சீலன்ட் பசை) பிதுக்கி வைத்திருந்தால், அது உள்பக்கமும் பிதுங்கியிருக்கும். பிய்ந்த துண்டு ஆயில் பம்பின் வலையை அடைக்கும். வெளியே மேலும் ஒரு பட்டை பூசி மூடலாமே என்று தோன்றும். வேண்டாம்.

சுவிட்சும் ஷிஃப்ட் ஷாஃப்டும்: ஃபோர் வீல் விளக்கின் சுவிட்ச், வேக சென்சார், நெம்புகோல் தண்டு ஆகியவற்றில் சின்ன ரப்பர் வளையம்தான் அடைப்பு. மலிவான வேலை. ஆயில் வயர் இணைப்புக்குள் ஏறியிருக்கிறதா என்றும் பிரித்துப் பாருங்கள்.

கியர் பாக்ஸோடு சேரும் இடம்: சில வண்டிகளில் இங்கே கீழே ஒரு சின்ன வடிகால் துளை வைத்திருப்பார்கள். அதில் ஆயில் வந்தால் உள்ளே சீல் போய்விட்டது என்று அறிவிக்கத்தான் அந்தத் துளை. சிலர் அதையே எம்சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள்!

விரிசலும் துளையும்: அடியில் கல் பட்ட வடு இருந்தால் அங்கே பவுடரை உற்றுப் பாருங்கள். கனடாவில் இருப்பவர்களுக்காக ஒன்று. 2000-களின் முதல் பாதியில் வந்த ஷெவ்ரோலெட் சில்வராடோ, ஜிஎம்சி சியரா டீசல் பிக்கப்புகளின் என்பி 261, 263 கேஸ்களில், உள்ளிருக்கும் ஆயில் பம்ப் மெக்னீசியச் சுவரை உரசி உரசி ஊசித்துளை போட்டுவிடும். துளை பின்பாதியில் ஆயில் மட்டத்துக்கு மேலே இருப்பதால் நிற்கும்போது சொட்டாது, ஓடும்போது மட்டும் தெறிக்கும். வாசலில் கறை இல்லை, கேஸ் மட்டும் வற்றுகிறது என்றால் முதலில் அங்கே தேடுங்கள்.

9. உடனே செய்ய வேண்டியதும் காத்திருக்கக் கூடியதும்

இந்தக் கேஸ்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு லிட்டர்தான் பிடிக்கும். ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 20 சொட்டு என்று கணக்கு வையுங்கள். நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 1,440 சொட்டு, ஏறக்குறைய 72 மில்லிலிட்டர். இரண்டு வாரத்தில் ஒரு லிட்டர் போய்விடும். ஓடும்போது இன்னும் வேகம்.

பவுடர் மட்டும் ஈரமாகி, சொட்டு திரளவே இல்லையென்றால் மாதம் ஒரு முறை மட்டம் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். சொட்டு விழுந்தால் இந்த வாரமே வேலை. இன்புட் சீல், விரிசல், ஷாஃப்ட் ஆட்டம் என்றால் காத்திருக்க வேண்டாம். ஃபோர் வீல் போட்டதும் செயின் தாவுவதுபோல் 'கடக்' சத்தமோ, ஓடும்போது ஊளையோ வந்தால் ஓட்டியே பட்டறைக்குக் கொண்டு போகாமல் ஏற்றிக்கொண்டு போங்கள்.

ஆயிலை வடிக்கும்போது கீழ் பிளக்கில் காந்தம் இருந்தால் பாருங்கள். சாம்பல் பசைபோல் மெலிதாக ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்துகிற சில்லு இருந்தால் விஷயம் சீலைத் தாண்டிவிட்டது. வண்டி இன்னும் வாங்கப்படவில்லை என்றால், அந்தச் சில்லைக் காகிதத்தில் மடித்து விற்பவர் முன் வைத்துவிட்டு விலை பேசுங்கள்.

பழுது பார்த்த பிறகு மறுபடி கழுவி, மறுபடி பவுடர் போட்டு, 100 கிலோமீட்டர் ஓட்டுங்கள். அதே சமதளத்தில், அதே மேல் பிளக்கைத் திறந்து விரலை மடக்கிப் பாருங்கள். கியர் பாக்ஸையும் சேர்த்து.